பழைய கம்ப்யூட்டரில் மாமனார் எழுதிய புத்தகம்

கம்ப்யூட்டரிலிருந்து புகை வந்தபோது மாப்பிள்ளையின் கையில் மனைவியின் ஹேர் டிரையர் இருந்தது.

தூசியை ஊதித் தள்ளலாம் என்றுதான் ஆரம்பித்தான். "பெட்டி முழுக்கத் தூசி மாப்பிள்ளை. நான் வர்றதுக்குள்ள கொஞ்சம் பாத்து வைங்க" என்று சொல்லிவிட்டு மாமனார் தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். அவர் பாத்து வைங்க என்றால் பார்த்துத்தான் வைக்க வேண்டும். சிறை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கைதிகள் இல்லாத குறையை இப்போது வீட்டில் இருப்பவர்களை வைத்துத் தீர்த்துக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பு ஒரு விரற்கடை நகர்ந்திருந்தால்கூட "யார் வெளிய போனது?" என்று கேட்பார். குரலை உயர்த்தவே மாட்டார்.

மாப்பிள்ளைக்கோ கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. பெண் கேட்டு வந்தபோது 'பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை' என்று வீட்டார் சொன்னது பொய்யில்லை. அந்தக் கம்பெனியில் அவன் சம்பளக் கணக்குப் பார்க்கிறான் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் பிளக் வைத்த எது கெட்டுப்போனாலும், அயர்ன் பாக்ஸ் உட்பட, மாப்பிள்ளை முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள்.

"என்ன தீயிற வாசனை?" என்றபடி மனைவி உள்ளே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். ஹேர் டிரையரைப் பார்த்தாள். கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள்.

"அய்யோ! அப்பா புஸ்தகம்!"

"எந்தப் புஸ்தகம்?" என்றான், தெரிந்தே.

அந்த வீட்டில் புத்தகம் என்றால் ஒன்றுதான். மாமனார் தன் சிறை அனுபவங்களை எழுதிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் மதியம் வரை டக்டக்கென்று தட்டுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். அந்த நேரத்தில் குக்கர் விசிலடித்தால்கூடக் குற்றம். சாப்பிட உட்காரும்போது "இன்னிக்கு நாலு பக்கம்" என்பார். எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டுவார்கள்.

"டாக்டர் என்ன சொன்னார், ஞாபகம் இருக்கா?" என்றாள் மனைவி. கண் கலங்கியிருந்தது. "நெஞ்சுல அடைப்பு எடுத்ததுக்கப்புறம் எந்த அதிர்ச்சியும் கூடாதுன்னார். அப்பா உயிரே அந்தப் புஸ்தகத்துலதாங்க இருக்கு. அது போச்சுன்னு தெரிஞ்சா அவரும்..."

மேலே சொல்லவில்லை. சொல்லாத மீதியை மாப்பிள்ளை தானே சொல்லிப் பார்த்துக்கொண்டான். மாமனாரைக் கொன்ற மாப்பிள்ளை. அதுவும் ஹேர் டிரையரால்.

கம்பெனியில் 'வைரஸ்' என்று ஒருவன் இருந்தான். வைரஸை விரட்டுகிறவனுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளத் தேதியில் மட்டும் மாப்பிள்ளையிடம் பேசுகிறவன், இப்போது பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினான்.

"போர்டு செத்துப்போச்சு. டிஸ்க்ல பாதி உயிர் இருக்கு. எடுத்துப் பாக்கலாம். ஆனா இது எந்தக் காலத்து ஆபரேட்டிங் சிஸ்டம்? இந்த டைப்பிங் புரோகிராம் புது மெஷின்ல ஓடவே ஓடாதே."

"புது மெஷின்னு தெரிஞ்சாலே நான் செத்தேன். அச்சு அசலா அதே மாதிரி வேணும்."

"அப்போ வர்ச்சுவல் மெஷின்தான்."

"அப்படின்னா?"

"புதுக் கம்ப்யூட்டருக்குள்ள இந்தப் பழைய கம்ப்யூட்டரை அப்படியே தூக்கி உட்கார வச்சுடுவோம். அதுக்குத் தான் இன்னொண்ணுக்குள்ள இருக்கோம்னே தெரியாது. பழைய காலத்துலதான் இருக்கோம்னு நினைச்சுக்கிட்டு ஓடும். நாம திறந்து விட்டாத்தான் வெளி உலகம்."

"ஜெயில் மாதிரியா?"

"அதேதான். ஆனா கைதிக்கு ஜெயில்ல இருக்கறது தெரியாது."

மாமனாரையே ஒரு ஜெயிலைக் காட்டி ஏமாற்றப் போகிறோம் என்று நினைத்தபோது மாப்பிள்ளை எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டான்.

பழுப்பேறிய பழைய பெட்டிக்குள்ளேயே கையகலப் புது மெஷினை வைத்து மூடினார்கள். பொத்தானை அழுத்தினால் அதே பழைய திரை, அதே மங்கிய நீலம், அதே குட்டிப் படங்கள். மாப்பிள்ளை வைரஸின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. அப்புறம்தான் ஒரு விஷயம் உறைத்தது. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் வந்து நின்றுவிட்டது. பழையது கண் விழிப்பதற்குள் மாமனார் பேப்பரில் பாதியைப் படித்து முடித்திருப்பார்.

"மெதுவாக்கு" என்றான்.

"என்னது?"

"மெதுவா ஓடற மாதிரி பண்ணு."

"எல்லாரும் எங்கிட்ட வேகமாக்கத்தான் கேப்பாங்க" என்று முனகிக்கொண்டே வைரஸ் அதையும் செய்தான். பழைய பெட்டி போடும் இரைச்சலுக்காக, ஓட்டை விசிறி ஒன்றையும் உள்ளே மாட்டினார்கள். இப்போது பெட்டி வயசான எருமையைப் போல மூச்சு விட்டது. மாப்பிள்ளைக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி, புத்தகத்தைத் திறந்து பார்க்கிற வரைக்கும்தான்.

'என் சிறை வாழ்க்கை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதன் கீழே 'அத்தியாயம் ஒன்று'. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. உருட்டிப் பார்த்தான், வெள்ளை. இன்னும் உருட்டினான், அதுவும் வெள்ளை.

"டேய், எங்கடா மீதி?"

வைரஸ் தலையைச் சொறிந்தான். "சொன்னேனே, பாதி உயிர்னு. டிஸ்க்ல அங்கங்க கருகிப் போயிருக்கு. எந்த இடம் போச்சுன்னு சொல்ல முடியாது. ஒருவேளை அந்த இடமே..."

வேறு எதுவும் போகவில்லை. மாமனார் சீருடையில் நிற்கும் பழைய படங்கள் இருந்தன. கேஸ் கம்பெனிக்கு எழுதிய புகார்க் கடிதம் இருந்தது. வருஷக்கணக்காகத் தட்டிய புத்தகம் மட்டும் இல்லை.

"சரியாயிடுச்சா?" என்று மனைவி மாடிப்படியிலிருந்தே கேட்டாள்.

"எல்லாம் சரியாயிடுச்சு" என்றான் மாப்பிள்ளை. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லும் வாய்ப்பும் போய்விட்டது. ஆழம் தெரியாமல் காலை விட்டவன் அடுத்த காலையும் விட்டான். கருகிப்போனதைத் தானே எழுதிவிடுவது என்று முடிவு செய்தான்.

யோசித்துப் பார்த்தால் அது அவ்வளவு பைத்தியக்காரத்தனம் இல்லை. மாமனாரின் சிறைக் கதைகள் எல்லாமே சாப்பாட்டு மேஜையில் நூறு தடவை கேட்டவை. வைரஸ் அதே பழைய கம்ப்யூட்டரின் இன்னொரு நகலை மாப்பிள்ளையின் லேப்டாப்பிலும் போட்டுக் கொடுத்தான். ஆபீஸில் சாப்பாட்டு இடைவேளையில் அதில் தட்டுவான். திரும்பி வந்ததும் மாடியிலிருந்தே வீட்டு வைஃபை வழியாகக் கீழே இருக்கும் பெட்டிக்குள் அனுப்பிவிடுவான். மாமனாரின் அறைப் பக்கமே போக வேண்டாம்.

சமையல்காரக் கைதி பெரிய அண்டாவுக்குள் ஒளிந்து தப்பித்த கதையை முதல் அத்தியாயமாக எழுதினான். 'நான்' வருகிற இடத்திலெல்லாம் மாமனாரின் மீசையை நினைத்துக்கொண்டான். நடை தானாக வந்தது. முடிவு மட்டும் மறந்துபோனது. அவன் பிடிபட்டானா இல்லையா? எப்படியோ முடிக்க வேண்டுமே என்று, வெளியே சாப்பாடு பிடிக்காமல் அவனே திரும்பி வந்துவிட்டதாக எழுதினான்.

மாமனார் ஊரிலிருந்து வந்தார். குளித்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பெட்டி எருமை மூச்சு விடுவது கேட்டது. மாப்பிள்ளை ஆபீஸுக்குக் கிளம்பாமல் ஷூ கயிற்றைக் கட்டி அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

டக்டக் சத்தம் வரவேயில்லை.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. மாமனாரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"மாப்பிள்ளை, நான் இல்லாதப்போ இந்த ரூமுக்கு யாராவது வந்தாங்களா?"

"தூசி தட்ட நான் மட்டும்தான் மாமா."

"வேற எதையும் தொட்டீங்களா?"

"நானா? சேச்சே."

"ம்" என்றார். அந்த 'ம்'மைக் கேட்டு எத்தனை கைதிகள் உண்மையைக் கக்கியிருப்பார்களோ. மாப்பிள்ளை அவிழ்ந்த கயிற்றைக் கட்டாமலே ஓடினான்.

ராத்திரி சாப்பாட்டின்போது மனைவி தன் அப்பாவிடம் ஆசையாகக் கேட்டாள். "இன்னிக்கு எத்தனை பக்கம்பா?"

மாமனார் தட்டைப் பார்த்தபடியே இருந்தார். "மொத்தம் பன்னண்டு பக்கம் இருக்கு" என்றார் மெதுவாக.

மாப்பிள்ளைக்குப் புரை ஏறியது. அவன் எழுதியது சரியாகப் பன்னிரண்டு. எண்ணிவிட்டார்! பெரிய புத்தகம் பன்னிரண்டு பக்கமாகச் சுருங்கியதைக் கண்டுபிடித்து, குற்றவாளி தானாக வாயைத் திறக்கட்டும் என்று காத்திருக்கிறார். குறைவாக எழுதியதுதான் தப்பு என்று மாப்பிள்ளை முடிவுக்கு வந்தான். அந்த வாரமே இரண்டு அத்தியாயங்களை உள்ளே தள்ளினான்.

மாமனார் இளைக்க ஆரம்பித்தார். காலையில் அறைக்குள் போகும்போதே தயங்கி நின்று கதவை வெறித்துப் பார்த்தார். ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி திடீரென்று கேட்டார்.

"மாப்பிள்ளை, அந்த அண்டாவுல தப்பிச்சானே, சமையல்காரன். அவன் தானா திரும்பி வந்தான்னு நான் எப்பவாவது உங்ககிட்ட சொல்லியிருக்கேனா?"

இல்லை என்றால் பிறகு யார் எழுதியது என்று கேட்பார். "சொல்லி... இருக்கீங்க மாமா. நிறைய தடவை."

"நான் சொல்லியிருக்கேன்?"

"ஆமா. ரசிச்சுச் சொல்வீங்க."

மாமனார் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். அத்தை, அதாவது மாமியார், போகிறவரையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் அறைக் கதவில் புதுப் பூட்டு. சாவி மாமனாரின் இடுப்பில். மாப்பிள்ளைக்குச் சந்தோஷம்தான். பூட்டிய அறைக்குள் நாலாவது அத்தியாயம் போய்விட்டால் யார் மேலும் சந்தேகம் வராதே! அனுப்பினான். அன்று அறைக்குள்ளிருந்து நாற்காலி கவிழும் சத்தம் கேட்டது.

அதோடு விடவில்லை விதி. "மாப்பிள்ளை!" என்று ஒரு அலறல். மாமனார் அலறி யாரும் கேட்டதில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தால், மனுஷன் பதற்றத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினாரோ, பழைய திரை முழுசாகச் சுருங்கி ஒரு சின்னச் சட்டத்துக்குள் நின்றது. சுற்றிலும் புதுக் கம்ப்யூட்டரின் பளபளப்பான மலையும் ஏரியும். ஜெயிலுக்கு வெளியே இருக்கும் உலகம் தெரிந்துவிட்டது!

"இது என்னது?" மாமனார் திரையைத் தொட்டுக் காட்டினார். "என் கம்ப்யூட்டர் ஏன் தூரமாப் போயிடுச்சு?"

"அது... கண்ணுக்கு நல்லது மாமா. வயசானவங்க தள்ளி வச்சுப் பாக்கறதுக்காகவே இருக்கு."

"அப்போ இந்த மலை?"

"எந்த மலை?" என்று கேட்டுக்கொண்டே மாப்பிள்ளை அவசரமாக எதையோ அமுக்க, பழைய திரை ஓடிவந்து மலையை மூடியது. "இங்க மலையெல்லாம் எதுவும் இல்லையே மாமா."

மாமனார் திரையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். "ஏரி ஒண்ணு இருந்துச்சு" என்றார், யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அந்த நடையைப் பார்த்தபோது மாப்பிள்ளைக்கு முதல் தடவையாக வேறு விதமான பயம் வந்தது. மாட்டிக்கொள்வோமோ என்பதல்ல, மனிதருக்கு நிஜமாகவே ஏதாவது ஆகிவிடுமோ என்பது. ஆனாலும் வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

மாமனார் பழைய தொழிலுக்குத் திரும்பினார். விசைப்பலகை மேல் முகப்பவுடர் தூவி வைத்தார். பூதக்கண்ணாடி வாங்கி வந்து ரேகை தேடினார். மாப்பிள்ளையின் தண்ணீர் டம்ளர்கூட ஒருநாள் காணாமல் போய், மறுநாள் பவுடர் வாசனையோடு திரும்பி வந்தது. அதற்குள் ஐந்தாம் அத்தியாயமும் கிளம்பிப் போயிருந்தது. நிறுத்தினால் சந்தேகம் வருமே என்ற பயம். அன்று சாயங்காலம் முழுக்க மாமனார் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தன் பத்து விரல்களையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க" என்றார் மாப்பிள்ளையைப் பார்த்ததும்.

விசாரணை. மாப்பிள்ளை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"ஒரு சந்தேகம். ஒருத்தன் ஒரு காரியத்தைச் செஞ்சுட்டு, செஞ்சதே தெரியாம இருக்க முடியுமா?"

"மு... முடியாதுன்னு நினைக்கிறேன் மாமா."

"எத்தனையோ பேர் எங்கிட்ட வந்து அழுதிருக்கான். 'ஐயா, நான் பண்ணல, எப்படி நடந்துச்சுன்னே தெரியல'ன்னு. ஒருத்தனையும் நான் நம்பினதில்ல." பெருமூச்சு விட்டார். "உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்?"

"ஆமா மாமா" என்றான்.

"நாளைக்கு ஒரு இடத்துக்குப் போறேன். உண்மை என்னன்னு தெரிஞ்சுடும். உங்க அத்தைக்கு மட்டும்தான் தெரியும். அதுவரைக்கும் வேற யாருக்கும் சொல்லாதீங்க."

போலீஸ் ஸ்டேஷன்! சந்தேகமே இல்லை. அங்கே அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. காலையில் மாமனார் இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் ஷூவுமாகக் கிளம்பிப் போவதை மாப்பிள்ளை மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தான். இனிமேல் மறைத்துப் பிரயோஜனமில்லை. வருகிற போலீஸிடம் சொல்வதைவிட அத்தையிடம் சொல்லிவிடுவது மேல்.

அத்தை சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தை, என்னை மன்னிச்சுடுங்க. மாமாவோட கம்ப்யூட்டரை நான்தான் எரிச்சுட்டேன். அவர் எழுதின புஸ்தகம் முழுக்கப் போச்சு. இப்போ இருக்கறது புதுசு. அதுக்குள்ள பழசு ஓடுது. அவருக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து, அத்தியாயமெல்லாம் நானே எழுதி எழுதி உள்ள அனுப்பிட்டேன். மாமா ஸ்டேஷனுக்குத்தானே போயிருக்கார்? எவ்வளவு கோபமா இருக்கார்?"

கத்தி நின்றது. அத்தை வாயைப் பிளந்தபடி அவனையே பார்த்தாள்.

"நீங்களா எழுதினது?"

"நான்தான் அத்தை."

"அஞ்சு அத்தியாயமும்?"

"ஆறாவதும் பாதி முடிஞ்சிருக்கு."

"அட கடவுளே! அவர் ஸ்டேஷனுக்குப் போகல மாப்பிள்ளை, டாக்டர்கிட்ட போயிருக்கார்."

மாப்பிள்ளை துள்ளி எழுந்தான். "நெஞ்சு வலியா?"

"நெஞ்சு நல்லாத்தான் இருக்கு, இது மூளை டாக்டர்" என்ற அத்தை, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "இத்தனை வருஷமா அந்த மனுஷன் தலைப்பைத் தாண்டி ஒரு வரிகூட எழுதினதில்ல, உங்க முன்னாடி மானம் போயிடுமேன்னு கதவைச் சாத்திக்கிட்டு சும்மா தட்டிக்கிட்டுதான் இருந்தார்!"